கேடயம் ஒருவருக்கு, கூலி எத்தனை பேருக்கு?

ஆண்டுக்கொரு முறை கால்பந்தாட்டக் கிளப்புகள் விழா எடுக்கின்றன. மேடை போடுகிறார்கள். விளக்கு ஜொலிக்கிறது. முதலாளி வருகிறார், மந்திரி வருகிறார், சினிமாக்காரர் வருகிறார். "இவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர்" என்று ஒரு பெயரைக் கூவுகிறார்கள். ஒரு இளைஞன் எழுந்து வந்து கேடயம் வாங்குகிறான். மறுநாள் பத்திரிகைகளில் நாலு பத்திக்குப் படம் வருகிறது. நல்லது. கைதட்டுவோம்.

ஆனால் கைதட்டி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்போம். அந்த மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மற்ற ஆட்டக்காரர்களுக்கு அந்த மாதச் சம்பளம் வந்துவிட்டதா?

இந்தக் கேள்வியைப் பத்திரிகைகள் கேட்பதில்லை. மேடையில் இருப்பவர்களும் கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

"நடவு நடுகிறவனுக்கும் ரைஸ் மில்லில் மூட்டை சுமக்கிறவனுக்கும் கால்பந்தாட்ட விருதைப் பற்றி என்ன கவலை?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். கவலை இருக்கிறது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். யாத்திரிகர் கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏற்றிப் போட்டிருக்கும் மணலில் பந்து உதைக்கிற பையன்கள் யாருடைய பிள்ளைகள்? மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. வலை இழுக்கிறவன் பிள்ளை, அறுவடைக்குப் போகிறவள் பிள்ளை, லாட்ஜில் அறை கூட்டுகிறவள் பிள்ளை. அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால்தான் இந்தக் கேடயத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நாளைக்கு ஒருவர் வந்து, "உன் பையனை அனுப்பு, பெரிய ஆட்டக்காரன் ஆக்குகிறேன்" என்று கேட்பது நம் வாசலில்தான். ஆகவே இது நம்முடைய பிரச்னை.

நாம் விருதுக்கு விரோதிகளா?

இல்லவே இல்லை. திறமையை மெச்சத் தெரியாதவன் உழைப்பாளியாக இருக்க முடியாது. ஒரு கோணலும் இல்லாமல் நாற்று நட்டுப் போகிறவளை வயலே நின்று பார்க்கும். நல்ல ஆட்டக்காரனையும் அப்படியே பார்க்கிறோம்.

கல்கத்தாவில் மோகன் பகான் கிளப் ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 29ந் தேதி விழா நடத்தி, தன் சிறந்த ஆட்டக்காரரைக் கெளரவிக்கிறது. அந்தத் தேதிக்குப் பொருள் உண்டு. 1911 ஜூலை 29 அன்றுதான் அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்கள், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றார்கள். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அடிமைப்பட்ட தேசம் அன்று நெஞ்சை நிமிர்த்தியது. அப்படிப்பட்ட நாளில் ஒரு ஆட்டக்காரரைப் பாராட்டுவதை யார் குறை சொல்வார்கள்?

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1911ல் ஒரு தனி ஆள் ஜெயிக்கவில்லை. பதினொரு பேர் ஜெயித்தார்கள். இன்றைக்கும் அந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் பதினொரு பேரையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். அந்தக் கிளப்பின் கால்பந்தாட்டப் பிரிவில் 100க்கு 80 பங்கு 2020ல் கல்கத்தாவுக்கு மின்சாரம் விற்கிற கோயங்கா கம்பெனிக் கூட்டத்தின் கைக்குப் போய்விட்டது. வெறுங்காலோடு ஆடியவர்களின் பெயர் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது! கிளப் கைமாறும்போது கேடயமும் கைமாறுகிறது. யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கடலூர்ப் பெண்ணுக்குச் சோறு போட்டது எது?

நம் கரையோரத்துக் கதைக்கே வருவோம். 2024 ஜூலையில் அகில இந்தியக் கால்பந்தாட்டச் சம்மேளனம், 2023-24ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரி என்ற விருதை இந்துமதி கதிரேசனுக்கு அளித்தது. அவர் கடலூர்ப் பெண். 2004 டிசம்பர் 26ல் வேளாங்கண்ணியையும் நாகப்பட்டினத்தையும் விழுங்கிய அதே கடல் கடலூரையும் அடித்தது. அந்தக் கரையிலிருந்து ஒரு பெண் எழுந்து இந்தியாவிலேயே முதல் ஆட்டக்காரி என்று பெயர் வாங்கினார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018ல் முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் பட்டம் வென்றது, 2023ல் மறுபடியும் வென்றது. இதற்கெல்லாம் தமிழ்நாடு பெருமைப்பட வேண்டும். நாமும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் இந்துமதி எதை வைத்துப் பிழைத்தார்? கிளப் கொடுத்த சம்பளத்தை வைத்தா? கேடயத்தை அடகு வைத்தா? இல்லை. அவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020ல் கொரோனா ஊரடங்கின்போது, இந்தியாவுக்காக ஆடிய அந்தக் கால்கள் சென்னைத் தெருவில் காவல் நின்றன. சர்க்கார் உத்தியோகம்தான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. அந்த அடுப்பு எரிந்ததால்தான் அவர் ஆட முடிந்தது.

கேரளத்து ஐ.எம். விஜயன் கதையும் இதுதான். திருச்சூர் முனிசிபல் மைதானத்தில் சோடா விற்ற ஏழைப் பையன். கேரளா போலீஸ் அவரைக் கூப்பிட்டு அணியில் சேர்த்தது, வேலை கொடுத்தது. 1993, 1997, 1999 என்று மூன்று தடவை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கு வந்தது. முதலில் வேலை வந்தது. விருது அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மறக்கக் கூடாது, தோழர்களே! பிள்ளையின் வயிறு நிரம்பினால்தான் பந்து கோலுக்குள் போகும்.

மில் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. பஞ்சாபில் பக்வாராவில் ஜே.சி.டி. என்று ஒரு துணி மில். அந்த மில் 1971ல் ஒரு கால்பந்தாட்ட அணி அமைத்தது. 1996-97ல் இந்தியாவில் முதல் தேசிய லீக் பந்தயம் நடந்தபோது கோப்பையை வென்றது அந்த மில் அணிதான். பெரிய பெரிய கல்கத்தா கிளப்புகளை ஒரு மில் அணி முந்தியது! அப்புறம் என்ன ஆயிற்று? 2011ல் மில் நிர்வாகம் அணியையே கலைத்துவிட்டது. விளம்பரத்துக்குப் பிரயோஜனமில்லை என்று கணக்குப் பார்த்தார்கள். லாபம் தராத ஷிப்டை மூடுவது போல, கோப்பை வென்ற அணியை மூடினார்கள். கோப்பைகளைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களை எந்த அலமாரியில் வைப்பது?

மே மாதம் மேடை, ஆகஸ்ட் மாதம் பட்டினி

இனி 2025ஆம் ஆண்டின் சங்கதியைக் கேளுங்கள். இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டியதில்லை.

2025 மே மாதம் 2ந் தேதி புவனேஸ்வரத்தில் அகில இந்திய விருது விழா. மோகன் பகான் ஆட்டக்காரர் சுபாசிஷ் போஸ் ஆண்களில் சிறந்தவர் என்றும், சௌம்யா குகுலோத் பெண்களில் சிறந்தவர் என்றும் அறிவிக்கப்பட்டார்கள். இருவரும் தகுதியானவர்களே. கைதட்டல், படம், எல்லாம் ஆயிற்று.

மூன்றே மாதம்! ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பெங்களூர் எப்.சி. ஒரு அறிக்கை விட்டது. முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் எல்லோருடைய சம்பளமும் காலவரையின்றி நிறுத்தம்! பெங்களூர் கிளப்பின் சொந்தக்காரர் யார்? ஜே.எஸ்.டபிள்யூ. என்ற எஃகுக் கம்பெனி. அடுத்து நம் சென்னையின் எப்.சி. நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் நட்சத்திரமும் பங்குதாரர்களாக இருக்கிற கிளப் அது. ஒடிசாவிலும் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன.

மில் தொழிலாளிக்கு இதற்குப் பெயர் சொல்லித் தர வேண்டுமா? லே-ஆஃப்! கதவடைப்பு! மில் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதற்குப் பதில் செல்போனில் அறிக்கை வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் நிறுத்தினார்கள்? இந்தக் காரணத்தைத் தஞ்சை ஜில்லா விவசாயத் தொழிலாளி ஒரு நொடியில் புரிந்துகொள்வான். ஏனென்றால் இது குத்தகை விவகாரம்.

2010ஆம் ஆண்டு கடைசியில் அகில இந்தியக் கால்பந்தாட்டச் சம்மேளனம், ஆட்டத்தை வியாபாரம் செய்யும் உரிமையை ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. 15 வருஷக் கெடு. 700 கோடி ரூபாய். நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போல இந்த தேசத்தின் கால்பந்தாட்டத்தையே குத்தகைக்கு விட்டார்கள். அந்த வயலில் 2014 முதல் விளைந்ததுதான் இந்தியன் சூப்பர் லீக். கெடு 2025 டிசம்பரில் முடிந்தது. கெடு முடியும் முன்னே, அடுத்த குத்தகை என்ன விலை, யாருக்கு என்ன பங்கு என்று நிலச் சொந்தக்காரனுக்கும் குத்தகைதாரனுக்கும் பேச்சு முடியவில்லை. "புது ஒப்பந்தம் ஆகும் வரை இந்த வருஷம் சாகுபடி இல்லை" என்று 2025 ஜூலையில் லீக் நடத்துகிற கம்பெனி சொல்லிவிட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்குகிற லீக், அந்த ஆண்டு முடியும் வரை தொடங்கவேயில்லை.

சொந்தக்காரன் சாப்பிட்டான். குத்தகைதாரன் சாப்பிட்டான். நடவு ஆள் மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தான்! 2025 நவம்பரில் ஆட்டக்காரர்கள் கூட்டாகக் குரல் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? விருதா? பட்டமா? "எங்களை ஆட விடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். வேலை கொடு என்ற கோரிக்கைக்கு இதைவிட வேறு அர்த்தம் உண்டா?

700 கோடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆட்டக்காரனைக் கூப்பிட்டார்களா? இல்லை. லாபம் வரும்போது பங்கு கொடுத்தார்களா? இல்லை. ஆனால் தகராறு வந்தபோது நஷ்டத்தை மட்டும் அவன் தலையில் கட்டினார்கள். "உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் ஜில்லாப் பழமொழி. பந்து உதைக்கிறவன் கணக்கும் அப்படித்தான் முடிந்தது.

"கிளப் நஷ்டத்தில் ஓடுகிறதே!"

உடனே சில புத்திசாலிகள் வருவார்கள். "கிளப்புகள் வருஷா வருஷம் நஷ்டத்தில் ஓடுகின்றன. லீக் நடக்குமா என்றே தெரியாதபோது எங்கிருந்து சம்பளம் கொடுப்பது?" என்பார்கள்.

நஷ்டம் இருக்கலாம். கணக்கைக் காட்டட்டும், பார்ப்போம். ஆனால் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் என்பது லாபம் வந்தால் மட்டும் செல்லுபடியாகிற காகிதமா? ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை மீறி வேறு கிளப்புக்குப் போனால் அபராதம், தடை, பஞ்சாயத்து எல்லாம் உண்டு. முதலாளி மீறினால் "சூழ்நிலை" என்று பெயர்! வெள்ளம் வந்து பயிர் அழுகினாலும், அதுவரை நட்ட நடவுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் நம் நியாயம். அந்த நியாயம் மைதானத்துக்கும் பொருந்தும்.

இன்னொரு வாதம்: "ஆட்டக்காரர்கள் லட்சம் லட்சமாக வாங்குகிறார்கள். அவர்களைத் தொழிலாளி என்று எப்படிச் சொல்வது?" மேலே இருக்கிற ஐந்தாறு பேர் வாங்குகிறார்கள். சரி. மாற்று ஆளாக ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன் எவ்வளவு வாங்குகிறான்? மில்லில் பதிலித் தொழிலாளி போல, கூப்பிட்டால்தான் அவனுக்கு ஆட்டம். புல் வெட்டுகிறவர், துணி துவைக்கிறவர், காலுக்குத் தைலம் தேய்க்கிறவர் எவ்வளவு வாங்குகிறார்கள்? சம்பளம் நின்றபோது அவர்களுக்கும் சேர்ந்துதான் நின்றது. மேலும், ஆட்டக்காரனின் வேலைக் காலம் பத்து, பன்னிரண்டு வருஷம். முழங்கால் ஒரு தடவை திருகினால் அதுவும் போச்சு. அவன் விற்பது தன் உடம்பின் உழைப்பை. அதை விலைக்கு வாங்குகிறவன் முதலாளி. இவனைத் தொழிலாளி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பதினொருவர் ஆட்டத்தில் பத்துப் பேருக்கு

பெண்கள் நிலைமை இன்னும் கேவலம். 2023ல் சம்மேளனம் ஒரு பெரிய முடிவை அறிவித்தது. பெண்கள் லீகில் ஆடுகிற கிளப்புகள் குறைந்தபட்சம் 10 இந்தியப் பெண்களுக்காவது வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும். கணக்குப் போட்டால் மாதம் 26,666 ரூபாய் வருகிறது. முன்பு ஒன்றுமே விதி இல்லாத இடத்தில் இது ஒரு முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பத்தா? கால்பந்தாட்டம் பதினொரு பேர் ஆடுகிற ஆட்டமாயிற்றே! பதினோராவது பெண் என்ன பாவம் செய்தாள்? வெளியே காத்திருக்கிற மாற்று ஆட்டக்காரிகள் என்ன பாவம் செய்தார்கள்? களத்து மேட்டில் பத்து ஆளுக்கு நெல் அளந்து போட்டுவிட்டு, "பதினோராவது ஆளே, நீ வேலை செய்தாய், சந்தோஷம், போய் வா" என்றால் நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? மரக்காலைப் பிடுங்கி வீசமாட்டார்களா?

இந்தப் பின்னணியில்தான் சிறந்த ஆட்டக்காரிக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். கும்பி கூழுக்கு அழுகிறது, கொண்டை பூவுக்கு அழுகிறது என்பார்கள். இங்கே கும்பியின் அழுகையை மறைக்கக் கொண்டையில் பூ வைக்கிறார்கள்.

கோல் போட்டவன் மட்டும்தான் ஆடினானா?

விருதின் இன்னொரு கோளாறையும் பார்ப்போம். கோல் போட்டவன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். பந்தைப் பறித்து அவன் காலுக்குக் கொடுத்தவன் படுவதில்லை. தொண்ணூறு நிமிஷம் எதிரியைத் தடுத்து நின்றவனும் படுவதில்லை. அறுவடையில் கடைசிக் கட்டைத் தலையில் தூக்கிக் களத்தில் போட்டவன் ஒருவனே முழு வயலையும் அறுத்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஐரோப்பாவின் "தங்கப் பந்து" விருது 1956ல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் அதை வாங்கிய கோல் கீப்பர் எத்தனை பேர்? ஒரே ஒருவர். 1963ல் சோவியத் யூனியனின் லெவ் யாஷின். யுத்த காலத்தில் சிறுவனாக இருந்தபோதே ஆலையில் வேலை செய்தவர் அவர். வாசலைக் காக்கிற தொழிலாளிக்கு அவ்வளவு ஆண்டுகளில் ஒரே ஒரு தடவைதான் நியாயம் கிடைத்தது! அவருக்கு முன்னும் பின்னும் கோல் கீப்பர்களே பிறக்கவில்லையா?

யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். நிர்வாகம் தேர்ந்தெடுத்தால் விளம்பரத்துக்கு உதவுகிறவன் தென்படுவான். பத்திரிகைக்காரர் தேர்ந்தெடுத்தால் கோல் போட்டவன் தென்படுவான். கூட ஆடுகிறவன் தேர்ந்தெடுத்தால்? அதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

மில் ஆட்களும் சுரங்கத் தொழிலாளியும் காட்டிய வழி

இங்கிலாந்தில் இந்த ஆட்டம் முதலில் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருந்தது. 1883ல் லண்டனில் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்கள். மறுபக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி. நெசவாளி, நூற்பு மில் தொழிலாளி, இரும்பு வார்ப்படத் தொழிலாளி இவர்கள்தான் ஆட்டக்காரர்கள். 2-1 என்று மில் ஆட்கள் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு சீமான்களின் அணி எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. ஆனால் கோப்பை உழைப்பாளியிடம் வந்ததே தவிர, கிளப் முதலாளியிடமே இருந்தது. 1901ல், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் வாரம் 4 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று உச்ச வரம்பு போட்டார்கள். லாபத்துக்கு உச்ச வரம்பு உண்டா? கூலிக்கு மட்டும் உண்டு!

1907 டிசம்பரில் மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர்கள் சங்கம் கண்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் பில்லி மெரடித். பன்னிரண்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். இங்கிலாந்திலேயே புகழ் பெற்ற ஆட்டக்காரர். கேடயத்துக்கும் கைதட்டலுக்கும் அவருக்குக் குறைவில்லை. ஆனாலும் சங்கம் வேண்டும் என்றார். 1909ல் நிர்வாகம் மிரட்டியது: "சங்கத்தை விட்டு விலகு. இல்லாவிட்டால் ஆட முடியாது." பல ஊர்க்காரர்கள் பயந்து விலகினார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. அந்த வருஷம்தான் எப்.ஏ. கோப்பையை வென்றவர்கள் அவர்கள்! அவர்களைத் தள்ளி வைத்தார்கள், கூலியை நிறுத்தினார்கள். அவர்கள் "தள்ளி வைக்கப்பட்டோர் அணி" என்று பலகை எழுதி வைத்துக்கொண்டு சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஆட்டப் பருவம் தொடங்குகிற நேரத்தில் நிர்வாகம் இறங்கி வந்து சங்கத்தை ஒப்புக்கொண்டது.

போராட்டம் ஒரே நாளில் முடியவில்லை. உச்ச வரம்பு அறுபது வருஷம் நீடித்தது. 1961 ஜனவரியில் வேலை நிறுத்தம் செய்வோம் என்று ஆட்டக்காரர்கள் தேதி குறித்த பிறகுதான், அப்போது 20 பவுனாக இருந்த அந்த வரம்பு ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைப் போக விடாமல் கட்டி வைக்கிற முறை இன்னொன்று இருந்தது. நம் பண்ணையாள் முறைக்கு அண்ணன் தம்பி போன்றது அது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் சங்கத்தின் உதவியோடு கோர்ட்டுக்குப் போய், 1963ல் அது செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்.

இவ்வளவும் முடிந்த பிறகு, 1974ல்தான் அந்தச் சங்கம் ஒரு விருதை ஏற்படுத்தியது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட வேண்டும். முதல் வருஷம் அவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? லீட்ஸ் அணியின் நார்மன் ஹண்டர். அவர் கோல் போடுகிறவர் அல்ல, பின்களத்தில் நின்று தடுக்கிறவர்! பத்திரிகையாளர்கள் 1948ல் தங்கள் முதல் விருதையும், ஐரோப்பாவில் 1956ல் முதல் தங்கப் பந்தையும், முன்களத்தில் மின்னலாக ஓடிய ஸ்டான்லி மாத்யூஸுக்குக் கொடுத்தார்கள். தொழிலாளிகள் ஓட்டுப் போட்டபோது, பாரம் சுமந்தவனுக்குப் போயிற்று. கூட உழைக்கிறவனுக்குத்தான் யார் உழைத்தான் என்று தெரியும்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2006ல் பாய்ச்சுங் பூட்டியா முன்னின்று இந்தியக் கால்பந்தாட்டக்காரர் சங்கத்தை ஏற்படுத்தினார். ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுச் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் விருதையும் அந்தச் சங்கம் நடத்தியது. அந்தச் சங்கம் வலுப்பட வேண்டும். பெரிய பெயர்கள் மட்டுமல்ல, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பதிலி ஆட்டக்காரர்களும், பெண்களும், ஜில்லா மைதானத்துப் பிள்ளைகளும் அதில் சேர வேண்டும்.

வாசலில் வந்து நிற்பவனிடம் என்ன கேட்பது?

பெற்றோர்களே! விளையாட வேண்டாம் என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு உரிமையான சந்தோஷங்கள் மிகக் கொஞ்சம். பந்து அதில் ஒன்று. மகளையும் தடுக்காதீர்கள். கடலூர்ப் பெண்ணை யாராவது தடுத்திருந்தால் இன்றைக்கு நாம் யாரைப் பற்றிப் பெருமை பேசுவோம்?

ஆனால் கிளப்பிலிருந்தோ பயிற்சிக் கூடத்திலிருந்தோ ஆள் வந்து, சுவரில் மாட்டிய படங்களையும் கேடயங்களையும் பற்றிப் பேசினால், காப்பித் தண்ணி கொடுத்து உட்கார வைத்து நிதானமாகக் கேளுங்கள்:

ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? அதைத் தமிழில் படித்துக் காட்டி, ஒரு பிரதி எங்கள் கையில் தருவீர்களா?

சம்பளம் மாதம் எந்தத் தேதியில்? பந்தயம் நடக்காமல் நின்று போனால் அப்போதும் உண்டா?

கால் உடைந்தால் வைத்தியச் செலவு யாருடையது? படுத்திருக்கிற நாளுக்குச் சம்பளம் உண்டா?

பள்ளிக்கூடப் படிப்பு நிற்குமா, நடக்குமா?

உங்கள் கிளப் பிடிக்காவிட்டால் வேறு இடம் போக என் பிள்ளைக்கு உரிமை உண்டா?

இந்த ஐந்து கேள்விக்கும் நேர்மையான பதில் வந்தால் பிள்ளையை ஆசீர்வதித்து அனுப்புங்கள். பதில் சொல்லாமல் மறுபடி கேடயத்தைப் பற்றியே பேசினால், வாசலைக் காட்டி அனுப்புங்கள்.

விருது கொடுக்கிறவர்களிடம் நாம் கேட்பதும் அதிகமில்லை. விழா மேடையில் விளக்கு ஏற்றுவதற்கு முன், "இந்தக் கிளப்பில் ஆட்டக்காரன் முதல் மைதானம் கூட்டுகிறவர் வரை ஒருவருக்கும் சம்பளப் பாக்கி இல்லை" என்று பகிரங்கமாகச் சொல்லட்டும். சிறந்தவர் யார் என்று கூட ஆடுகிறவர்களே ரகசிய ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும். குறைந்தபட்சச் சம்பள விதி பத்துப் பேரோடு நிற்காமல் அணி முழுமைக்கும் வரட்டும். அடுத்த குத்தகை யாருக்குப் போனாலும், அந்தப் பேச்சு மேஜையில் ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஒரு நாற்காலி போடட்டும். போலீஸ், ரயில்வே, பாங்க், மின்சார வாரியம் ஆகிய இடங்களில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள வேலைகளைச் சர்க்கார் குறைக்காமல் பெருக்கட்டும். விஜயனையும் இந்துமதியையும் தாங்கி நிறுத்தியது அந்த வேலைதான்.

தஞ்சைத் தரணியில் ஒரு காலம் இருந்தது. பொங்கலுக்குப் பண்ணையாளுக்கு ஒரு வேட்டியும் துண்டும் போட்டுவிட்டு, "எஜமான் எவ்வளவு தாராளம் பார்த்தாயா" என்று ஊரைக் கேட்க வைப்பார்கள். வருஷம் முழுவதும் அளக்காமல் வைத்த நெல்லை அந்தத் துண்டுக்குள் மறைப்பார்கள். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டிக்கு நன்றி சொல்லியதால் அல்ல. கூலி நெல்லைக் கேட்டதால், ஒன்றாக நின்று கேட்டதால் வந்தது.

கால்பந்தாட்டக் கேடயம் அந்த வேட்டியாக இருக்கக் கூடாது. பதினொரு பேருக்கும் கூலி கொடுத்த பிறகு அந்தக் கேடயத்தைத் தூக்கட்டும். வேளாங்கண்ணி மணலில் நிற்கிற நம் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் கை வலிக்கத் தட்டுவோம்!